சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியும் பதிப்புகளும்

1857 செப்டம்பர் 5ஆம் நாள் சட்டத்தின் வழியே நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சி தொடக்கத்தில் கடமையாக இருக்கவில்லை. அன்றைய இலண்டன் பல்கலைக்கழகத்தின் அமைப்பைப் பின்பற்றி அது பாடத்திட்டம் வகுத்தது, தேர்வு நடத்தியது, பட்டம் வழங்கியது. கற்பித்தல் கல்லூரிகளின் பொறுப்பு. மாநிலக் கல்லூரியிலும் கிறித்தவக் கல்லூரியிலும் இருந்த ஆசிரியர்கள் சிலர் தம் சொந்த ஆர்வத்தால் ஆய்வில் ஈடுபட்டார்கள். அதற்கெனப் பல்கலைக்கழகத்தில் ஆளும் இல்லை, பணமும் இல்லை. 1904ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம், பேராசிரியர்களை நியமித்து ஆய்வையும் கற்பித்தலையும் மேற்கொள்ளும் உரிமையைப் பல்கலைக்கழகங்களுக்குத் தந்தது. அந்த உரிமையைச் செயலாக்கும் நிதி சென்னைக்கு வந்து சேர மேலும் பத்தாண்டு ஆயிற்று. அதன்பின் வந்த அரை நூற்றாண்டில் இங்கே நடந்த பணியின் அகலம் வியப்பூட்டுவது: தமிழ்ச் சொற்கள், சோழர் கல்வெட்டுகள், சமஸ்கிருதச் சுவடிகள், அரபுப் பயணிகளின் குறிப்புகள், கிராமக் கணக்குகள், ஈர மண்ணில் வளரும் பாசி, தோலிலும் எலும்பிலும் உள்ள புரதம். இவற்றுள் காலத்தை வென்று நிற்பவை பெரும்பாலும் பிற ஆய்வாளர்களுக்குக் கருவியாகப் பயன்படும் ஆக்கங்களே. அகராதி, அட்டவணை, அளவெடுப்பு, வரைபடம் என்று அவை அமைந்தன. தனிமனித மேதைமையோடு, பல ஆண்டுகள் ஒரே வேலைக்குச் சம்பளமும் இடமும் தந்து காத்திருந்த ஒரு நிறுவனத்தின் பொறுமையும் அவற்றுக்குத் தேவைப்பட்டது.

அந்தப் பொறுமையின் முதல் சான்று கணிதத்தில் கிடைக்கிறது. 1913இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழக அலுவலகத்தில் எழுத்தராக இருந்த சீனிவாச இராமானுஜனுக்கு, பட்டம் எதுவும் இல்லாத நிலையிலும், மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகையை இரண்டாண்டுகளுக்கு வழங்கப் பல்கலைக்கழகம் முடிவு செய்தது. விதிப்படி அவருக்கு அதைத் தர இயலாது. விதியை மீறித் தந்தார்கள். காலாண்டுக்கு ஒருமுறை அறிக்கை தரவேண்டும் என்பது நிபந்தனை. 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பலேறும் முன் அவர் அளித்த மூன்று அறிக்கைகளில், இன்று அவர் பெயராலேயே அழைக்கப்படும் தலைமைத் தேற்றமும் அதன் பயன்பாடுகளும் இடம்பெற்றுள்ளன. அவருடைய குறிப்பேடுகள் பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாக்கப்பட்டன. 1957இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அவற்றை ஒளிப்படப் பதிப்பாக வெளியிட்டது. அமெரிக்கக் கணிதவியலாளர் புரூஸ் பெர்ண்ட் அவற்றிலுள்ள தேற்றங்களுக்கு நிறுவல் தந்து 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாக விளக்கிப் பதிப்பித்தார். மாதம் 75 ரூபாய்க்கு இதைவிடப் பெரிய பலன் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

பல்கலைக்கழகம் தன் பெயரால் நியமித்த பேராசிரியர்கள் 1914ஐ ஒட்டிப் பணியேற்றார்கள். இந்திய வரலாறும் தொல்லியலும் சா. கிருஷ்ணசாமி ஐயங்காரிடம் வந்தன. இந்தியப் பொருளியலுக்கு இங்கிலாந்திலிருந்து கில்பர்ட் ஸ்லேட்டர் வந்தார். ஒப்பியல் மொழிநூலுக்கும் ஓர் இருக்கை ஏற்பட்டது.

வரலாற்றுத் துறையின் முதல் வேலை சான்றுகளைத் திரட்டுவதாக இருந்தது. கிருஷ்ணசாமி ஐயங்கார் 1919இல் பதிப்பித்த விஜயநகர வரலாற்று மூலங்கள் என்னும் தொகுப்பு தெலுங்கு, சமஸ்கிருதம், தமிழ் இலக்கியங்களிலிருந்து அப்பேரரசைப் பற்றிய பகுதிகளை எடுத்து ஒன்றுசேர்த்தது. அவரிடம் பயின்றவர்கள் ஆளுக்கொரு மரபைத் தேர்ந்தார்கள். ஆர். சத்தியநாதையர் மதுரை நாயக்கர் வரலாற்றை 1924இலும், ஆர். கோபாலன் காஞ்சிப் பல்லவர் வரலாற்றை 1928இலும் வெளியிட்டனர். 1929இல் அவ்விருக்கைக்கு வந்த கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி அந்த அடித்தளத்தின் மேல் பெரிய கட்டடத்தை எழுப்பினார். பாண்டியர் பற்றிய நூல் அதே ஆண்டில் வந்தது. சோழர் வரலாறு 1935, 1937 ஆகிய ஆண்டுகளில் பல்கலைக்கழக வரலாற்று வரிசையில் வந்தது. கல்வெட்டுத் துறை ஆண்டுதோறும் அறிக்கையிட்டிருந்த ஆயிரக்கணக்கான சாசனங்களை ஒன்றோடொன்று பொருத்தி, மன்னர்களின் ஆட்சியாண்டுகளை வரிசைப்படுத்தி, ஊர்ச்சபை, வரி, நிலவுடைமை, கோயில் ஆகியவற்றையும் சேர்த்துச் சொன்ன நூல் அது. மையப்படுத்தப்பட்ட பேரரசு என்று அவர் தீட்டிய சித்திரத்தைப் பிற்கால ஆய்வாளர்கள் கடுமையாக மறுத்தனர். மறுத்தவர்களும் அவர் அமைத்த காலவரிசையில் நின்றுகொண்டுதான் மறுத்தார்கள்.

அதே துறையில் ஆ. அப்பாதுரை 1000 முதல் 1500 வரையிலான தென்னிந்தியப் பொருளியல் நிலையை ஆராய்ந்து 1936இல் இரு தொகுதிகள் தந்தார். டி. வி. மகாலிங்கம் விஜயநகர ஆட்சிமுறையை எழுதினார். கடம்பி மீனாட்சியின் பணி தனித்துச் சொல்லத் தக்கது. 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். பல்லவர் ஆட்சியும் சமூக வாழ்வும் பற்றிய அவருடைய ஆய்வேடு 1938இல் நூலாயிற்று. காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயிலின் சிற்பத் தொடரை ஒரு மரபின் வரலாறாகப் படித்துக் காட்டியவரும் அவரே. 1940இல், முப்பத்தைந்து வயதுகூட நிறையாமல் அவர் மறைந்தது தென்னிந்திய வரலாற்றாய்வுக்குப் பேரிழப்பு.

மகாலிங்கத்தின் காலத்தில் துறை ஆவணங்களிலிருந்து மண்ணுக்கு இறங்கியது. 1960களில் திருக்காம்புலியூர், அழகரை, உறையூர் ஆகிய இடங்களில் அகழாய்வு நடந்தது. கீழைக் காவிரிப் பள்ளத்தாக்கு அகழாய்வுகள் பற்றிய அறிக்கையைப் பல்கலைக்கழகம் 1970இல் வெளியிட்டது. காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகளின் சுருக்கங்களும் மகாலிங்கத்தின் பதிப்பாக 1970களில் வந்தன.

ஸ்லேட்டர் வேறொரு வழியில் சென்றார். இந்தியப் பொருளாதாரம் பற்றி நூலகத்தில் கிடைப்பவை போதா என்று கண்ட அவர், மாணவர்களை விடுமுறையில் தத்தம் ஊர்ப்பக்கம் அனுப்பிக் குடும்பம், நிலம், கடன், கூலி, பயிர், உணவு என்று வினாநிரல் கொண்டு கணக்கெடுக்கச் செய்தார். தென் ஆற்காட்டின் இருவேல்பட்டு, வட ஆற்காட்டின் தூசி, தஞ்சையின் பாலக்குறிச்சி, திருநெல்வேலியின் கங்கைகொண்டான், இராமநாதபுரம் மாவட்டத்தின் வடமலைபுரம் ஆகியவை அவற்றுள் புகழ்பெற்றவை. மலையாள நாட்டு ஊர்களும் இருந்தன. தொகுப்பு 1918இல் நூலாகியது. இந்தியாவில் கிராமத்தை ஓர் ஆய்வு அலகாகக் கொண்டு எழுந்த தொடக்ககால நூல்களில் இது முக்கியமானது. மாணவர் எடுத்த கணக்கு என்பதால் அங்கங்கே ஓட்டைகள் உண்டு. ஆனால் பல்கலைக்கழகம் அதே ஊர்களுக்குத் திரும்பிப் போனது. பி. ஜே. தாமசும் கே. சி. இராமகிருஷ்ணனும் நடத்திய மறு ஆய்வு, பொருளாதாரப் பெருமந்தத்தின் தழும்புகளோடு அவ்வூர்களைக் கண்டு, 1940இல் வெளியாயிற்று. பிற்பாடு சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் பிறரும் 1980களிலும் இந்த நூற்றாண்டிலும் அங்கே சென்றார்கள். இருவேல்பட்டில் நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று, பண்ணையாள் முறை எப்படித் தேய்ந்தது என்பதை 1916 முதல் 2008 வரை தொடர்ச்சியாகச் சொல்ல முடிகிறது. உலகில் மிகச் சில ஊர்களுக்கே இத்தகைய நீண்ட பதிவு உண்டு.

மொழித்துறைகளின் வேலையில் முதலிடம் தமிழ்ப் பேரகராதிக்கு உரியது. மிரோன் வின்சுலோவின் 1862ஆம் ஆண்டு அகராதி ஏறக்குறைய 67,000 சொற்களைக் கொண்டிருந்தது. அதைத் திருத்தி விரிவாக்குவதே முதல் நோக்கம். 1913இல் மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஜே. எஸ். சாண்ட்லரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு பணி தொடங்கியது. 1915இல் அலுவலகம் சென்னைக்கு மாறியது. மு. இராகவையங்கார் தமிழ்ப் பண்டிதர்களுள் தலைமையானவராக இருந்தார். வேலை இறங்க இறங்க, பழைய அகராதியை ஒட்டுப்போடுவதால் பயனில்லை என்பது தெளிவாயிற்று. இலக்கியங்களையும் உரைகளையும் கல்வெட்டுகளையும் நிகண்டுகளையும் படித்துச் சொல்லுக்குச் சொல் மேற்கோள் எடுக்கவேண்டியிருந்தது. வட்டார வழக்கும், வைத்தியம், சோதிடம், கணக்கு, தொழில் முதலியவற்றின் சொற்களும் வந்து குவிந்தன. முதல் தொகுதி நிறைவடையவே பத்தாண்டுக்கு மேல் ஆகியது.

1926இல் பொறுப்பேற்ற ச. வையாபுரிப் பிள்ளை திருநெல்வேலிப் பக்கத்து வழக்கறிஞர். சுவடி ஒப்பீட்டிலும் பாட ஆராய்ச்சியிலும் பழகிய கை அவருடையது. அவர் தலைமையில் 1936க்குள் ஆறு தொகுதிகளும் நிறைவடைந்தன. 1939இல் அனுபந்தம் சேர்ந்தது. ஆறு தொகுதிகளில் 1,04,405 சொற்கள், அனுபந்தத்தில் 13,357. ஒவ்வொரு சொல்லுக்கும் உரோமன் எழுத்துப்பெயர்ப்பு, இலக்கண வகை, தெரிந்தவிடத்துச் சொல்லின் மூலம், தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள், பொருளுக்குச் சான்றாக நூலின் இடம் ஆகியவை தரப்பட்டன. இடஞ்சுட்டுவதுதான் இதன் உயிர். பொருளைப் படிப்பவர் மூலத்துக்குப் போய்ச் சரிபார்க்கலாம். பதிப்பாசிரியர் தவறியிருந்தால் அங்கேயே பிடித்துவிடலாம்.

பிடித்தவர்கள் பலர். பல தமிழ்ச் சொற்களுக்குச் சமஸ்கிருத மூலம் காட்டப்பட்டதைத் தமிழறிஞர்கள் கண்டித்தார்கள். தேவநேயப் பாவாணர் மிகக் கடுமையாக எழுதினார். 1974இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்துக்கு அவரே இயக்குநரானார். இந்தக் கண்டனத்தில் நியாயம் உண்டு. திராவிட ஒப்பியல் வளர்ந்த பிறகு பேரகராதியின் சொன்மூலக் குறிப்புகள் பல நிற்கவில்லை. ஆனால் அந்த ஒப்பியல் வளர்ந்ததே பேரகராதி இருந்ததால்தான். 1961இல் பர்ரோவும் எமனோவும் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி தமிழுக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டது இதைத்தான். இதன் எழுத்துப்பெயர்ப்பு முறையே இன்றும் உலகெங்கும் தமிழாய்வாளர்கள் கையாளும் முறை. 1963 முதல் 1965 வரை அ. சிதம்பரநாதன் செட்டியாரின் தலைமையில் வந்த ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் பேரகராதியின் அடுத்த படி; மொழிபெயர்ப்பாளரும் இதழாளரும் பல்லாண்டு அதைக் கையில் வைத்துக்கொண்டே வேலை செய்தார்கள்.

அகராதிக்கு வெளியே தமிழாய்வு தடுமாறித் தடுமாறி நடந்தது. கே. என். சிவராஜ பிள்ளை 1932இல் பண்டைத் தமிழர் காலவரிசையைப் புறநானூறு முதலிய தொகைகளின் உட்சான்றிலிருந்து கட்ட முயன்றார். பி. சா. சுப்பிரமணிய சாஸ்திரி தமிழ் இலக்கணக் கோட்பாடுகளின் வரலாற்றை ஆராய்ந்தார். சங்க இலக்கியத்தில் இயற்கையை ஆராய்ந்து முனைவரான மு. வரதராசன் பின்னர் துறைத் தலைவரானார். ரா. பி. சேதுப்பிள்ளை தலைமையில் திராவிடப் பொதுச்சொற்கள் தொகுக்கப்பட்டன.

அன்றைய சென்னை மாகாணம் நான்கு திராவிட மொழிகளும் பேசப்பட்ட நிலப்பரப்பு. 1927இல் அமைந்த கீழைக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தில் அந்த நான்குக்கும் சமஸ்கிருதத்துக்கும் அரபு, பாரசீகம், உருதுவுக்கும் இடம் இருந்தது. அதன் ஆய்விதழ் 1930களின் நடுவிலிருந்து வெளிவந்தது. கே. இராமகிருஷ்ணையா தெலுங்கிலிருந்து புறப்பட்டுத் திராவிட ஒப்பியலுக்கு வந்தார். சி. அச்சுத மேனன் எழுத்தச்சனையும் அவர் காலத்தையும் பற்றி 1940இல் எழுதினார். எஸ். முகம்மது உசைன் நயினாரின் பணி இன்று போதிய அளவுக்கு நினைக்கப்படுவதில்லை. அரபுப் புவியியலாளர்கள் தென்னிந்தியாவைப் பற்றி அறிந்திருந்ததை அவர் மூல நூல்களிலிருந்து எடுத்து 1942இல் தந்தார். போர்ச்சுகீசியரை எதிர்த்த மலபார் மக்களின் வரலாற்றைச் சொல்லும் துஹ்ஃபத்துல் முஜாஹிதீனையும், ஆற்காட்டு நவாபுகளின் வரலாற்றுக்கான பாரசீக மூலங்களையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். கடலோரத் துறைமுகங்களின் வரலாறு எழுதுவோருக்கு இவை இன்றும் வேண்டும்.

சமஸ்கிருதத் துறையின் பெரும்பணி பேரகராதியைவிட நீளமானது. ஜெர்மானியரான தியடோர் ஆஃப்ரெக்ட் 1891 முதல் 1903 வரை வெளியிட்ட சுவடி அட்டவணைகளின் அட்டவணை பழையதாகிவிட்டிருந்தது. 1935இல் அதைப் புதிதாகச் செய்யச் சென்னைப் பல்கலைக்கழகம் முன்வந்தது. எந்த நூலின் சுவடி உலகில் எந்த நூலகத்தில், எந்த எண்ணில் உள்ளது, அதன் ஆசிரியர் யார், உரைகள் எவை என்பனவற்றை அகரவரிசையில் தருவதே திட்டம். எஸ். குப்புசாமி சாஸ்திரியும் சி. குன்ஹன் ராஜாவும் தொடங்கிவைத்தார்கள், வே. ராகவன் சுமந்தார். 1937இல் மாதிரிப் பகுதி, 1949இல் முதல் தொகுதி, பின் 1966 வரை இரண்டாவது தொகுதிக்குக் காத்திருப்பு என்று அது நகர்ந்தது. ராகவன் ஐரோப்பிய நூலகங்களில் அலைந்து அட்டவணையிடப்படாத சுவடிகளைக் குறித்துவந்தார். அவருக்குப் பின்னும் வேலை தொடர்ந்து, இந்த நூற்றாண்டில் தேசியச் சுவடிகள் இயக்கத்தின் உதவியோடு வேகம் பெற்றது. ஒரு தலைமுறை தொடங்கி மூன்றாம் தலைமுறை முடிக்கும் இத்தகைய நூலுக்கு ஆண்டறிக்கையில் காட்ட எதுவும் இல்லாத ஆண்டுகள் பல இருக்கும். அந்த ஆண்டுகளிலும் சீட்டுகளை எழுதிக்கொண்டிருக்க ஆள் வேண்டும்.

மெய்யியலில் எஸ். எஸ். சூரியநாராயண சாஸ்திரியும் டி. எம். பி. மகாதேவனும் அத்வைத ஆய்வை நிலைநிறுத்தினார்கள். சிவஞான சித்தியாரையும் அதன் ஆறு உரைகளையும் ஒப்பிட்டு வ. ஆ. தேவசேனாபதி எழுதிய நூல் 1960இல் வந்தது. இசைத் துறையில் எஸ். சீதா தஞ்சையின் இசை மரபை மராத்தியர் காலம் வரை ஆராய்ந்தார். பிற்காலத்தில் சைவம், வைணவம், கிறித்தவம், சமணம், இஸ்லாம் ஆகியவற்றுக்குத் தனித்தனித் துறைகளோ மையங்களோ ஏற்பட்டன.

அறிவியல் பிறகு வந்தது. சொந்த ஆய்வுக்கூடங்கள் 1920களின் பிற்பகுதியில்தான் தொடங்கின. தாவரவியலில் மா. ஓ. பா. ஐயங்கார் பாசிகளை ஆராய்ந்தார். ஈர மண்ணில் வாழும் ஃபிரிட்சியெல்லா என்னும் பச்சைப்பாசியை 1932இல் அவர் விவரித்தார். மண்ணுக்குள் பற்றிப் படரும் பகுதி ஒன்றும் மேலெழும் பகுதி ஒன்றுமாக அமைந்த அதன் உடல், நீரிலிருந்து தாவரங்கள் நிலத்துக்கு ஏறிய வழியைச் சிந்திப்போருக்கு முக்கியச் சான்றாயிற்று. அவருக்குப் பின் டி. எஸ். சதாசிவன் பருத்தியின் வாடல் நோயை எடுத்துக்கொண்டு, மண்ணிலுள்ள பூஞ்சை சுரக்கும் நஞ்சு செடியை எப்படி வாட்டுகிறது என்று ஆராயும் ஒரு பள்ளியையே உருவாக்கினார்.

கணிதத்தில் அழகப்பச் செட்டியார் 1950இல் நிறுவிய இராமானுஜன் நிறுவனம் 1957இல் பல்கலைக்கழகத்திடம் வந்தது. டி. விஜயராகவனுக்குப் பின் அதை நடத்திய சி. டி. ராஜகோபால், முடிவிலித் தொடர்களில் கேரளக் கணிதர்கள் ஐரோப்பாவுக்கு முன்பே எட்டிய முடிவுகளைச் சுவடிகளிலிருந்து எடுத்துக்காட்டியவர்களுள் ஒருவர்.

இயற்பியல் துறைக்கு 1952இல், முப்பது வயதை நெருங்கிய கோ. நா. இராமச்சந்திரன் தலைவராக வந்தார். 1942 முதல் 1969 வரை துணைவேந்தராக இருந்த ஆ. இலட்சுமணசாமி முதலியாரின் தேர்வு அது. பெரிய கருவிகள் இல்லை. அவ்வாண்டில் சென்னைக்கு வந்த ஜே. டி. பெர்னால், கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் விடுபடாத புதிர் என்று சொன்னார். தோல், தசைநார், எலும்பு ஆகியவற்றின் வலிமைக்குக் காரணமான புரதம் அது. பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. கங்காரு வால் தசைநாரின் மாதிரி அங்கே கிடைத்தது. கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து எக்ஸ் கதிர்ப் படங்கள் எடுத்த இராமச்சந்திரன், மூன்று சங்கிலிகள் சேர்ந்து முறுக்கிய அமைப்பை 1954இல் நேச்சர் இதழில் முன்வைத்தார். மறு ஆண்டில் அந்த முறுக்கு மேலும் ஒரு சுற்றாக வளைவதையும் சேர்த்தார். சங்கிலியில் மூன்றுக்கு ஒன்று கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலமாக இருப்பதற்கு இந்த அமைப்பில்தான் பொருள் கிடைத்தது. சங்கிலிகள் சந்திக்கும் நடுப்பகுதியில் வேறெதற்கும் இடம் இல்லை.

அலெக்சாண்டர் ரிச், பிரான்சிஸ் கிரிக் இருவரும் 1955இல் மறுப்பு எழுப்பினார்கள். சில அணுக்கள் இயற்கையில் அனுமதிக்கப்படாத அளவுக்கு நெருங்கி நிற்கின்றன என்பதும், இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புக்குப் பதில் ஒன்றுதான் இருக்க முடியும் என்பதும் அவர்கள் வாதம். பிணைப்பு எண்ணிக்கையில் அவர்கள் சொன்னது பின்னர் நிலைத்தது. முச்சங்கிலி முறுக்கு இராமச்சந்திரனுடையதாகவே நின்றது. ஆனால் நெருக்கம் பற்றிய கேள்வியை அவர் விடவில்லை. அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம்? வி. சசிசேகரன், சி. இராமகிருஷ்ணன் ஆகியோருடன் அதுவரை வெளியான படிக அமைப்புகளை எல்லாம் அலசி, இரு அணுக்களுக்கிடையே இருக்கக்கூடிய குறைந்த தொலைவுகளைப் பட்டியலிட்டார். பின்பு புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் சுழலக்கூடிய இரண்டு கோணங்களை எடுத்து, எந்தெந்தக் கோண இணைகளில் அணுக்கள் மோதாமல் இருக்கும் என்று மேசைக் கணிப்பானில் கணக்கிட்டார்கள். அனுமதிக்கப்பட்ட பகுதி மிகச் சிறிது. 1963இல் மூலக்கூறு உயிரியல் ஆய்விதழில் வந்த ஐந்து பக்கக் கட்டுரையில் அந்த வரைபடம் இடம்பெற்றது. உலகில் எந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு புரதத்தின் அமைப்பு தீர்க்கப்பட்டாலும், இராமச்சந்திரன் வரைபடத்தில் அதன் புள்ளிகள் சரியான இடத்தில் விழுகின்றனவா என்று பார்த்த பிறகே ஏற்கிறார்கள்.

இவை அனைத்துக்கும் பின்னால் நூலகம் இருந்தது. 1924இல் முதல் நூலகராக நியமிக்கப்பட்ட எஸ். ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியர். நூல்களை அடுக்கும் அன்றாட வேலையிலிருந்தே அவர் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை 1931இலும் கோலன் பகுப்புமுறையை 1933இலும் உருவாக்கினார். 1936இல் நூலகம் சேப்பாக்கம் வளாகத்தில் தன் சொந்தக் கட்டடத்துக்கு வந்தது.

இந்தப் பதிப்புகளில் ஒரு குறை தொடக்கம் முதலே இருந்தது. அகராதிகளையும் சில தமிழ்ப் பதிப்புகளையும் தவிர, ஏறக்குறைய எல்லாம் ஆங்கிலத்தில் வெளிவந்தன. சோழர் வரலாறு தமிழில் முழுமையாக வர ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்த தி. வை. சதாசிவ பண்டாரத்தார் பிற்காலச் சோழர் சரித்திரத்தைத் தமிழிலேயே எழுதித் தமிழ் வாசகரின் பசியை ஆற்றியிருந்தார். ஸ்லேட்டரின் கிராமங்கள், அப்பாதுரையின் பொருளியல் வரலாறு, நயினாரின் அரபு மூலங்கள் ஆகியவற்றை அந்த ஊர்களிலும் துறைமுகங்களிலும் வாழும் மக்களின் மொழிக்குக் கொண்டுவரும் கடமை பல்கலைக்கழகத்துக்கு இன்னும் உண்டு. பேரகராதி மட்டும் எல்லார் கைக்கும் எட்டியிருக்கிறது. 1982இல் மறுபதிப்பு வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணைய அகராதித் தொகுப்பில் யாரும் கட்டணமின்றித் தேடலாம். அதைத் திருத்தி விரிவாக்கும் பணியும் பல்கலைக்கழகத்தில் தொடங்கிப் புதிய தொகுதிகள் வெளிவந்துள்ளன.